கடனை அடைக்கும் வழிகள்: எடைபோட்டுப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்றுதான் செயலாளர் கேட்டார். கடனைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான்தான் மாற்றிக்கொண்டேன். அதற்குக் காரணம் லிப்ட் பக்கத்தில் இருக்கும் நம் அறிவிப்புப் பலகை. மூன்று மாதத்துக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்த வீடுகளின் எண்களை அதில் ஒட்டுகிறோம். ஒட்டலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்துப் பார்த்தால், கட்ட மனமில்லாதவர் யார், கட்ட வழியில்லாதவர் யார் என்று அந்தத் தாள் பிரித்துச் சொல்வதில்லை. பெரிய கடனில் மூழ்குகிறவர் முதலில் நிறுத்துவது இந்த மாதிரிச் சின்னக் கட்டணங்களைத்தான். வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நானும் மாட்டியவன்தான். 1998-ல் தங்கை கல்யாணத்துக்காக வெளியில் ஒரு லட்சம் வாங்கினேன், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 3,000 ரூபாய். வங்கியில் வேலை பார்ப்பவன் வெளியில் வட்டிக்கு வாங்கினான் என்று தெரிந்தால் கேவலம் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. 26 மாதம் வட்டி மட்டும் கட்டினேன். மொத்தம் 78,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஒருநாள் என் மனைவி பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எழுதுங்க" என்றாள். அடுத்த வாரமே அவளுடைய இரண்டு வளையலை விற்று, மீதிக்கு ஊழியர் சிக்கன நாணயச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து, அந்த லட்சத்தை அடைத்தோம். அந்த வழி முதல் மாதமே இருந்தது. வெட்கப்பட்டு மறைத்ததற்கு நான் கொடுத்த விலை 78,000 ரூபாய்.

அதனால் முதல் வேலை ஒரு தாள். நான்கு கட்டம் போடுங்கள். யாருக்குத் தர வேண்டும், அசல் பாக்கி எவ்வளவு, ஆண்டு வட்டி எவ்வளவு, எது ஈடு அல்லது யார் ஜாமீன். வட்டியை ஆண்டுக்கணக்கில்தான் எழுத வேண்டும். நூற்றுக்கு ஐந்து வட்டி என்பது ஆண்டுக்கு 60 விழுக்காடு. தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வாங்குகிறார் என்றால் அது ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு. கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பது ஆண்டுக்கு 42. கார்டில் ஒரு லட்சம் பாக்கி நிற்க, நீங்கள் 5,000 கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் வட்டி 3,500, வட்டிக்கு ஜிஎஸ்டி 630. அசலில் குறைவது 870 ரூபாய்தான்.

தாள் தயாரானதும் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வி கேளுங்கள். வட்டி நிஜமாகவே குறைகிறதா? முடியும் தேதி தெரிகிறதா? இதுவரை மாட்டாத எதுவோ, யாரோ புதிதாக மாட்டுகிறார்களா?

முடியும் தேதி தெரியாத கடன் எப்படிப்பட்டது என்று நம் காஞ்சிபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்காரர்கள் முதலாளியிடம் வாங்கும் முன்பணம் அந்த வகை. கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள், வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் மேலே கொஞ்சம் கொடுப்பார்கள். அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. அப்பா வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையும் தறியில் உட்கார்ந்த வீடுகள் இந்த ஊரில் இருந்தன. கடனுக்காக ஆளைக் கட்டிப்போடுவதை 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்தது. அப்படிப்பட்ட கடனே செல்லாது என்றும் சொன்னது. இன்று குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு புதிதாகவும் கார்டைத் தேய்க்கிற நம் பிள்ளைகளின் கணக்கும் அந்த முன்பணக் கணக்கு மாதிரியேதான் ஓடுகிறது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, இருப்பதை விற்பது. மனசுக்குக் கஷ்டம், கணக்குக்கு நல்லது. 60 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு பீரோவில் தங்கத்தைப் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. திருப்ப முடியும் என்று நிச்சயம் இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். இல்லையென்றால் பாதியை விற்றுவிடுங்கள். அடகு வைத்து மூழ்கவிட்டால் நகையும் போகும், கட்டிய வட்டியும் போகும். பட்டுப் புடவையை மட்டும் நம்பாதீர்கள். பழசுக்கு ஜரிகை விலைதான் கிடைக்கும்.

இரண்டாவது, பல கடன்களை ஒரே கடனாக்குவது. வட்டி குறைந்தால் நல்ல வழி. ஆனால் புதுக்கடன் பணம் வந்த அன்றே பழையதை அடைத்து, கார்டை ரத்து செய்ய வேண்டும். கார்டு பையிலேயே இருந்தால் ஆறு மாதத்தில் இரண்டு கடனும் நிற்கும். இது தவணை தவறுவதற்கு முன்னால் கிடைக்கும் வழி. சிபில் மதிப்பெண் கெட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

மூன்றாவது, வீட்டின் மேல் கடன். வட்டி குறைவு என்பதால் ஆசை காட்டும். மூன்றாவது கேள்வியை இங்கேதான் உரக்கக் கேட்க வேண்டும். கார்டு கடனுக்கு உங்கள் வீடு ஈடாக இல்லை. வீட்டை வைத்து அதை அடைத்தால், அந்த நாளிலிருந்து வீடும் மாட்டுகிறது. வாராக்கடன் ஆனால், 2002-ன் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தீர்ப்பு வாங்காமலேயே வீட்டைக் கையகப்படுத்தி விற்க முடியும். மாத வருமானம் உறுதியாக உள்ளவர் மட்டும் இதை யோசிக்கலாம்.

நான்காவது, ஒரே தவணையில் தீர்வு. வாராக்கடனாகிவிட்ட கணக்கில் வங்கி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எழுத்தில் கடிதம் வாங்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். சிபில் அறிக்கையில் இது 'முழுதும் அடைத்தது' என்று வராது, 'சமரசம்' என்றுதான் வரும். ரிசர்வ் வங்கியின் 2023 விதிப்படி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில் அதே நிறுவனம் குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக்கடன் தராது. கடனில் தவித்தவருக்கு அது நல்லதுதான். நேராகப் பேச முடியவில்லை என்றால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்கு போடுவதற்கு முன்பே பேசித் தீர்க்கலாம், கட்டணம் இல்லை. அங்கே எழுதிய தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. முடிந்தது முடிந்ததுதான்.

கடைசி வழி, நம் பேச்சில் மஞ்சள் கடுதாசி. 1920-ன் மாகாணத் திவால் சட்டம்தான் நம் மாவட்டத்தில் இன்னும் நடப்பில் இருக்கிறது. 2016-ன் புதிய திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்று 'புதுத் தொடக்கம்' என்றொரு பகுதி எழுதினார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பழைய சட்டத்தில் உங்கள் சொத்து நீதிமன்றத்தின் கைக்குப் போகும். மறைத்து மாற்றி எழுதிய சொத்து இருந்தால் அதையும் தோண்டுவார்கள். ஏமாற்றுவதற்கான வழி என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டாலும், மெய்யாகவே ஒன்றும் இல்லாதவருக்குச் சட்டம் திறந்து வைத்த கதவு அது. வக்கீலிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், எதை யாரும் தொட முடியாது என்று தெரிந்துகொள்வது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைப் படித்தால் நம் ஊருக்காகவே எழுதியது போல இருக்கும். கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாதவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது தாலி, அதில் இருக்கிறது. கைவினைஞரின் கருவிகள் இருக்கின்றன. நெசவாளிக்கு அது தறி. ஓய்வூதியமும் வருங்கால வைப்பு நிதியும் இருக்கின்றன. நாமே கொண்டுபோய் அடகு வைத்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு உதவாது. அதனால்தான் சொல்கிறேன், தாலியையும், பிழைப்புக்கான கருவியையும், கிழவயதுப் பணத்தையும் தாளில் எழுதவே வேண்டாம்.

மிரட்டலுக்கும் சட்டம் உண்டு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், எண் 14448. தனியாரின் கந்துவட்டிக்கு 2003-ன் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஒன்று மட்டும் கவனம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். அது திரும்பினால் கடன் வழக்கு கிரிமினல் வழக்காகிவிடும்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே உயிரை விட்டது நினைவிருக்கும். சட்டம் வந்து 14 வருடம் கழித்து நடந்தது அது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் இரவானாலும் பேசலாம். அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. பலகையில் இருக்கும் அந்தத் தாளை எடுத்துவிடுவோம். மூன்று மாதம் பாக்கி என்றால் செயலாளரும் இன்னொருவரும் நேரில் போய், "வீட்டில் எல்லாம் நலமா?" என்று கேட்டுவிட்டு, தவணை போட்டுத் தரட்டும். சங்கத்துக்குப் பணம் வரும், ஒரு குடும்பத்துக்கு மானமும் மிஞ்சும்.

இரண்டாவது, உங்களிடம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த நான்கு கட்டத் தாளோடு வாருங்கள். எழுத முடியவில்லை என்றால் வெறும் கையோடு வாருங்கள், நான் எழுதுகிறேன். என்னிடம் கொடுக்கப் பணம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடத் தெரியும். கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கவும் தெரியும். காபி என் மனைவி தருவாள். தாளும் அவள்தான் தருவாள்.