மைல்ஸ் டேவிஸின் இரட்டை இசைத்தட்டு

இசையிலே முதலில் மெட்டைத் தேடுவது கேட்போர் இயல்பு. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பிச்சஸ் புறூ’ என்னும் ஜாஸ் இசைத்தட்டை அவ்வாறு அணுகுவோர் ஏமாற்றமடைவர். அதனை அடித்தளத்திலிருந்து கேட்டல் வேண்டும்.

முதற் பக்கம் முழுவதும் ‘ஃபேரோஸ் டான்ஸ்’ என்னும் ஒரே உருப்படி. ஏறத்தாழ 20 நிமிடம். நேயர் முதலிற் செவிசாய்க்க வேண்டியது பாஸ் வாத்தியங்களுக்கு. மீண்டும் மீண்டும் வரும் அவற்றின் சிறு தொடர்களே நிலம். அடுத்து, மூன்று மின்பியானோக்களும் இரு டிரம் வாத்தியக்காரரும் ஒருவரோடொருவர் உரையாடுவதைக் கவனிக்கலாம். இவற்றினூடே பென்னி மோப்பினின் பாஸ் கிளாரினெட் நிழல்போல் ஊர்ந்து செல்லும். இந்நிலத்தின்மீது நின்றே டேவிஸின் ட்ரம்பெட் பேசுகிறது.

1969 ஓகஸ்ட் 19 முதல் 21 வரை நியூயோர்க்கில் வாசிக்கப்பட்டவற்றை, தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவில் வெட்டி ஒட்டினார். ஒன்பதாவது நிமிடம் நெருங்குகையில் ஒரு சிறு துண்டு அச்சுமாறாது பலமுறை மீள்வது அவர் கைவேலையே.

அந்தந்தக் கணத்தில் பிறப்பதே ஜாஸ் எனில், இது முறையாகுமா? வாசித்த கணங்கள் மெய்யானவை. அவற்றின் வரிசையே பின்னர் இயற்றப்பட்டது. ஆதலின் வாசிப்போடு வெட்டையும் இசையாகக் கேட்பதே இத்தட்டுக்குரிய நீதி. ஓரமர்வுக்கு ஒரு பக்கம் போதும்.