மண்ணுக்குள் பார்த்தவர்

(பங்கு இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை நம் ஏரலுக்கு அண்டை ஊர். நூறு சிப்பிகளைத் திறந்தாலும் நல்முத்து ஒன்று கிடைப்பது அரிது. பூமிக்குள் எண்ணெய் தேடுவதும் அவ்வாறே. பாறை அடுக்குகளை ஆராய்ந்து, தோண்டுவதற்கு இடம் குறிப்பவர் நிலவியல் அறிஞர். தோண்டிய கிணறுகளிலோ பல வறண்டே போகும்.

தஞ்சைத் தரணியில் மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். 1851இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு, நூறாண்டு கழித்து 1951இல், முதல் இந்தியத் தலைவரானார். இந்தியப் பாறைகளைப் பற்றி அவர் 1943இல் வெளியிட்ட நூல், தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. 1955இல் எண்ணெய் தேட அரசு தனிப்பிரிவு அமைத்தபோது, அதற்குக் கருவாக அமைந்தவர்கள் அத்துறையின் அறிஞர்களே. அப்பிரிவே பின்னர் ஓ.என்.ஜி.சி.யாக வளர்ந்தது.

1974இல் பம்பாய்க் கடலில் எண்ணெய் கண்டார்கள். 1980களில், கிருஷ்ணன் பிறந்த காவிரிப் படுகையிலேயே, நரிமணத்தில் கண்டார்கள். அவரோ 1970இலேயே மறைந்துவிட்டார்.

உழைத்தவர் எல்லாருக்கும் பலனைக் காணும் பேறு வாய்ப்பதில்லை. நம் ஆலயத்திற்குக் கல் சுமந்த முன்னோரில் எத்தனை பேர் இந்த ஜூபிலியைக் கண்டார்கள்? ஆகவே, பலன் தாமதிக்கிறதே என்று படிப்பிலும் பணியிலும் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் பங்கைச் செம்மையாகச் செய்யுங்கள். பின்வருவோர் அதன்மேல் கட்டுவார்கள்.