கல் அறுக்கும் தூசி
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

மைக் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லைங்க. தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

சேலம், நாமக்கல் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல் கோட்டையே ஒத்தைப் பாறை மேலதான் நிக்குது. குவாரியில இருந்து வர்ற கல்லை அறுக்கிற பட்டறையில நம்ம வீட்டு ஆண்கள் வேலை செய்யறாங்க. பெண்களும் கூட்டிப் பெருக்கப் போறோம்.

பெரிய வட்ட ரம்பத்தைப் பார்த்திருப்பீங்க. மர ரம்பம் மாதிரி அதுக்குக் கூர்ப்பல் கிடையாது. விளிம்பில் வைரத்தூள் கலந்த துண்டுகள் பத்த வெச்சிருக்கும், செக்மெண்ட் என்பாங்க. அதுதான் கல்லைத் தேய்த்துத் தேய்த்து அறுக்குது. (வைரம்னதும் ஆசைப்படாதீங்க, நகைக்கு ஆகாது.) மேலே தண்ணீர் கொட்டிக்கிட்டே இருக்கணும். அது செக்மெண்ட்டைச் சூடாகாமல் காக்கும், தூசியையும் அமுக்கும்.

என் வீட்டுக்காரர் பெரிய ரம்பத்தை விட்டு, கை மெஷினில் ஓரம் வெட்டுற வேலைக்கு மாறினார். அங்கே தண்ணீரே இல்லை. சாயந்திரம் மாவு மில்லுக்காரர் மாதிரி வெள்ளையா வருவார். நான் சட்டையை உதறி உதறித் துவைப்பேன். எனக்கு என்ன தெரியும்?

பத்து வருஷம் கழிச்சு இருமல், மூச்சிரைப்பு. சளியில் கிருமி தெரியலைன்னாலும் டி.பி. மாத்திரை ஆறு மாசம் சாப்பிட்டார். குணமாகலை. குழுவில் ரெண்டு தடவை உள்கடன் வாங்கினேன், உங்களுக்கே தெரியும். கடைசியா ஒரு டாக்டரம்மாதான், "என்ன வேலை செய்யறார்?" என்று முதலில் கேட்டாங்க. எக்ஸ்ரே பார்த்து, சிலிகோசிஸ் என்றாங்க.

கருங்கல்லில் சிலிக்கா இருக்குது. கண்ணுக்கே தெரியாத அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்த் தழும்பாக்கி விடுகிறது. அந்தத் தழும்பை ஆற்ற மருந்தில்லை. இந்த நோய் இருந்தா டி.பி.யும் சீக்கிரம் தொத்தும். அதனால டி.பி. பரிசோதனையை விட்டுடாதீங்க. ஆனா டாக்டரிடம் கல் வேலை என்பதை நீங்களே முதலில் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, நமக்குத்தான். தண்ணீர் ஊத்தி அறுத்த சேறு காய்ந்தா மறுபடி தூசிதான். அதை விளக்குமாற்றால் பெருக்குறது நாம. நனைத்துவிட்டு அள்ளணும். முந்தானையை மூக்கில் கட்டினா அந்தத் தூசி நிற்காது, என்95 மாஸ்க் கேளுங்க. சட்டையை வீட்டில் உதறாதீங்க, தண்ணீரில் ஊறப் போடுங்க.

சாதாரண கை மெஷினில் நாமா தண்ணீர் ஊத்தினா கரண்டு அடிக்கும். தண்ணீர்க் குழாயோடவே வர்ற மெஷின் இருக்கு. எர்த்தும் டிரிப் சுவிட்சும் கண்டிப்பா வேணும். முதலாளிகிட்ட ஒருத்தர் கேட்டா வேலை போகும். குழுவா கேட்போம்.

சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்நோய். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தா உரிமை கேட்கலாம். ராஜஸ்தானில் 2019-ல் இதுக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்து நோயாளிகளுக்கு உதவித்தொகை தர்றாங்க. நாமும் கேட்கலாமில்லீங்களா?

கல் பட்டறை இருக்கிற ஊர்களில் எக்ஸ்ரே முகாம் நடத்தச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதி வெச்சிருக்கோம். நோட்டு இப்ப முன்வரிசையில இருந்து வருது. கையெழுத்துக்குப் பக்கத்துல குழுப் பேரும் எழுதுங்க.