மேலே இருந்து பார்த்தால் மானாவும் பச்சைதான்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் ஒரு தோட்டத்தில் நோம் பற்றிப் பேசப் போனோம். மானா மண்டிக் கிடக்கிற மலையில் 20 கிலோ கொழுந்து எப்படி எடுப்பது, எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர் போடுவது என்ன நியாயம் என்று கேட்டோம். துரை கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு செய்மதிப் படத்தைக் காட்டினார். அந்த மலை முழுவதும் கரும்பச்சை. "மலை நல்லாத்தானே இருக்கு" என்றார். அன்று எங்களிடம் பதில் இல்லை. பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்துக்கொண்டோம்.

நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். வாடிய இலையில் இந்த வித்தியாசம் குறையும். செய்மதி இரண்டு ஒளியையும் அளக்கிறது. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1க்கும் +1க்கும் இடையில் ஓர் எண் வரும். அதற்கு என்.டி.வி.ஐ. என்று பெயர். வெறும் மண் 0க்குச் சற்று மேலே நிற்கும். அடர்ந்த பச்சை 1ஐ நெருங்கும். துரை காட்டிய பச்சை நிறம் அந்த எண்தான்.

அந்த எண் பச்சையை அளக்கிறது. யாருடைய பச்சை என்று அதற்குத் தெரியாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீற்றருக்கு 10 மீற்றர். நெருக்கமாக நட்ட வீ.பி. மலையில் அதற்குள் நூறு செடிக்கு மேல் அடங்கும். செடிகளுக்கு இடையில் மானாவும் கொடியும் ஏறினால் எண் கூடும், கொழுந்து குறையும். மாறாக, போன வாரம் கவ்வாத்து வெட்டிய மலை செத்த மலை போலத் தெரியும். கொப்புள நோய் பரவுகிற மழை நாட்களிலோ முகில் மூடி, படமே கிடைக்காது. கொழுந்துக்கூடையோடு மலையில் நிற்கும் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு பார்வையில் தெரியும். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

அதற்காகப் படத்தை நாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருவதைப் போன்ற மாற்றங்களை, பல வருடப் படங்களை வைத்துத்தான் விரிவாகப் பார்க்க முடியும். ஒரு நாள் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே மலையை, ஒரே மாதத்தில், வருடத்துக்கு வருடம் ஒப்பிட வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சென்டினல் படங்கள் இருக்கின்றன. எவரும் இலவசமாக எடுக்கலாம். கிலோ குறைந்ததற்குக் கை காரணமா, பசளை காரணமா என்று பேசும்போது அவை நமக்கும் உதவும்.

ஆனால் படத்தோடு சேர்த்து வைக்க நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தலைவியும் ஒரு கொப்பி வாங்குங்கள். மலை நம்பர், கவ்வாத்து வெட்டிய திகதி, பசளை போட்ட திகதி, கடைசியாகப் புல் வெட்டிய திகதி, அன்று நிறுத்த கிலோ. இவ்வளவும் எழுதினால் போதும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கொப்பிகளோடு போவோம். துரையும் படத்தை எடுத்துக்கொண்டு நம்மோடு மலைக்கு வரட்டும்.