பாட்டாவை எவ்வளவு வெளுப்பாக்கணும்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: ஃபிலிம்ல படம் எடுக்கிறவங்க டார்க்ரூம்ல பிரிண்ட்டையும் தானே போடணுமா? லேப்ல கொடுத்தா போதாதா?

முதல்ல லேப் பக்கம் நின்னு பேசுறேன். 1950 ஏப்ரல்ல, ரமண மகரிஷியோட கடைசி நாட்கள்ல திருவண்ணாமலையில இருந்து படம் எடுத்தவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவர் பொதுவா தன் படங்களைத் தானே பிரிண்ட் போடமாட்டார். பாரிஸ்ல பிக்டோ லேப்ல வோயா மித்ரோவிச்னு ஒருத்தர் பல வருஷம் அவருக்குப் போட்டுக் கொடுத்தார். அதுக்காக அவரை யாரும் குறைச்சு மதிக்கல.

எதிர்ப்பக்கம் ஆன்சல் ஆடம்ஸ். 1941-ல எடுத்த 'மூன்ரைஸ்' ஒரே நெகட்டிவ்தான். அதை வருஷக்கணக்கா தானே திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். பிந்தைய பிரிண்ட்கள்ல வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு.

அப்போ யார் போடுறாங்கங்கிறது பிரச்சினை இல்ல. யாராவது ஒருத்தர் பார்த்து முடிவெடுக்கணும். கார்த்தியே-பிரெஸ்ஸோனுக்கு மித்ரோவிச் இருந்தார். எனக்கு இருந்தது ஸ்கேனரோட ஆட்டோ செட்டிங்.

பாட்டா இறந்துபோறதுக்கு முந்தின வருஷம், பார்வதிபுரத்து வீட்டுக்குள்ள நின்னு ஒரு படம் எடுத்தேன். பாட்டா வாசல்ல நிக்கிறாரு, பின்னால வயல்ல சுள்ளுனு வெயில். லேப்ல இருந்து வந்த படத்துல வயல் இருக்கு, பாட்டா முகம் வெறும் கறுப்பு.

கோட்டாறுல முன்னாடி ஸ்டுடியோ வச்சிருந்த ஒரு அண்ணாச்சிகிட்ட நெகட்டிவைக் காட்டினேன். "முகம் இதுல இருக்குலே மக்கா"ன்னாரு. கடையை மூடினாலும் என்லார்ஜரை அவர் விக்கல. "கதவ நல்லா சாத்து, வெட்டம் கேறிச்சுன்னா பேப்பர் போச்சு."

நம்ம ஊர் தண்ணிக்கு டெவலப்பரை 20 டிகிரிக்கு இறக்கவே ஐஸ் வேணும். பேப்பருக்கு 20 செகண்ட் வெளிச்சம். அதுல கொஞ்ச நேரம் கம்பியில ஒட்டின வட்ட அட்டையை முகத்துக்கு மேல ஆட்டிக்கிட்டே இருக்கணும். எவ்வளவு நேரம் மறைக்கிறோமோ அவ்வளவுக்கு முகம் வெளுக்கும்.

அண்ணாச்சி கேட்டாரு: "பாட்டாவ எவ்வளவு வெளுப்பாக்கணும்?" அந்தக் காலத்துல ஸ்டுடியோவுக்கு வந்த முக்கால்வாசி பேர் கேட்டது அதைத்தானாம்.

10 செகண்ட் மறைச்சேன். டிரேயில எழும்பி வந்தது நல்லா வெள்ளையா ஒரு ஆள். எனக்குத் தெரியாத ஆள். 4 செகண்ட் மறைச்சப்போ கண்ணு தெரிஞ்சுது, கன்னச் சுருக்கம் தெரிஞ்சுது, நிறம் வயல்ல நின்ன நிறமாவே இருந்தது. அதுதான் பாட்டா. அதுக்குள்ள ஏழு பேப்பர் காலி.

அதனால என் பதில்: எல்லாப் படத்தையும் நீங்களே போட வேண்டாம், செலவு தாங்காது. உங்களுக்கு முக்கியமான ஒரு படத்தை, ஒரு தடவையாவது போடுங்க. அப்புறம் லேப்ல போய் "நல்லா போடுங்க"ன்னு மட்டும் சொல்லமாட்டீங்க. "முகம் இவ்வளவு தெரியணும், இதுக்கு மேல வெளுக்க வேண்டாம்"னு சொல்வீங்க.

அந்தப் பிரிண்ட் இப்போ ஆச்சி ரூம்ல தொங்குது. ஆச்சி ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொன்னது ஒண்ணுதான்: "ஆமா, கறுத்துதான் இருப்பாவ."

உங்க வீட்டு நெகட்டிவ் கவர் எந்த அலமாரியில கிடக்குன்னு தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.