கைத்தொழில் முகாமைக்கு ஒரு பட்டப்பின் படிப்பு



தொழிற்சாலையை நடத்தும் வித்தையைப் பல்கலைக்கழகத்தில் வைத்துக் கற்பிக்க முடியுமா? முடியாது என்போர் நம் பெரியோருட் பலர் உளர். கடைக்காரர் மகன் கல்லாவின் அருகே இருந்து பழகினான், அதற்குப் பட்டம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அஃது இலேசாகத் தள்ளத்தக்க கேள்வியன்று. ஆயினும், பொறியியலும் விஞ்ஞானமும் பயின்று வேலைக்குப் போகும் நம் வாலிபர் சில ஆண்டுகளில் இயந்திரத்தை விட்டு ஆட்களையும் கணக்கையும் பார்க்கும் பதவிக்கு ஏற்றப்படுகின்றனர். அப்பதவிக்கு அவர்களை ஆயத்தஞ் செய்தவர் ஒருவருமில்லை. நேற்றுவரை திருகாணி முறுக்கியவன் இன்று நூறு குடும்பங்களின் சம்பளத்தைத் தீர்மானிக்கிறான். ஆகவே, இத்தகைய படிப்பொன்றை வேறோரிடத்தில் எவ்வாறு வகுத்தனர் என்பதை உங்கள் முன் வைக்க எண்ணினோம்.

ஐக்கிய அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரம் உருக்குத் தொழிலாற் பேர்பெற்றது. அங்கிருந்த கார்னெகி தொழில்நுட்பக் கழகத்துக்கு, எண்ணெய்த் தொழிலிற் பொருளீட்டிய வில்லியம் லாரிமர் மெலன் என்பவர் 60 இலட்சம் டொலர் வழங்கினார். அதைக்கொண்டு 1949 இல் கைத்தொழில் நிருவாகப் பட்டப்பின் கல்லூரி தொடங்கிற்று. பாக் என்ற பொருளியலாளர் முதற் பீடாதிபதி. கூப்பர், ஹேபேட் சைமன் ஆகிய இருவரும் அவருக்குத் துணைநின்றனர். இவருட் சைமன் பிற்காலத்தில், 1978 இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவர்கள் முதலிலே தீர்மானித்தது யாரைச் சேர்ப்பது என்பதையே. விஞ்ஞானமோ பொறியியலோ கற்றுக் கணிதத்துக்கு அஞ்சாதவரையே அவர்கள் பெரிதும் நாடினர். இரண்டாண்டுப் படிப்பின் முடிவிற் கைத்தொழில் நிருவாகத்தில் விஞ்ஞான முதுமாணிப் பட்டம். ஹாவாட் கல்லூரியிலோ உண்மையான கம்பனிகளின் நிகழ்ச்சிகளை எடுத்து விவாதிக்கும் முறையே ஓங்கியிருந்தது. பிற்ஸ்பேர்க்கார் அதனை முற்றாகக் கைவிட்டாரல்லர். ஆனால் கணிதம், பொருளியல், மனித நடத்தை என்ற மூன்றையும் அத்திவாரமாக இட்டனர். ஆசிரியரைத் துறைதுறையாகப் பிரித்து வேலி போடவுமில்லை. நம் கல்லூரிகளிற் பணிபுரிந்தோருக்கு இந்தக் கடைசிச் செய்தியின் அருமை தெரியும்.

அங்கே நடந்த ஆராய்ச்சிகளுள் ஒன்றைச் சிறிது விரித்துச் சொல்வோம். அது ஒரு பெயின்ற் தொழிற்சாலையைப் பற்றியது. ஒரு மாதம் கட்டளைகள் குவியும், மறுமாதம் வற்றிவிடும். வற்றும்போது ஆட்களை நிறுத்தினால், குவியும்போது புதியவரைச் சேர்த்துப் பழக்கவேண்டும். நிறுத்தாவிடில் வேலையின்றிச் சம்பளம். மேலதிக நேரம் செய்வித்தால் அதற்கொரு செலவு. பெயின்ற் தகரங்களை அடுக்கி வைத்தாற் பண்டகசாலை நிரம்பும். அடுக்காவிட்டால் வாடிக்கைக்காரர் வேறிடம் போவர். முகாமையாளர் நேற்று வந்த கடிதத்தைப் பார்த்து இன்று முடிவு செய்வார், நாளை அதை மாற்றுவார்.

ஹோல்ட், மொடிகிலியானி, மூத், சைமன் என்னும் நால்வர் இச்செலவுகள் எல்லாவற்றையும் ஒரே கணக்கிற் கொணர்ந்தனர். வரப்போகும் மாதங்களின் கட்டளை மதிப்பு, கையிலுள்ள ஆட்தொகை, இருப்பு ஆகிய ஒவ்வொன்றையும் குறித்த ஓர் எண்ணாற் பெருக்கிக் கூட்டவேண்டியதுதான். இம்மாதம் எவ்வளவு உற்பத்தி, எத்தனை ஆட்கள் என்ற விடை வந்துவிடும். அந்த எண்களைக் கண்டுபிடிக்கத்தான் உயர்ந்த கணிதம் வேண்டும். கண்டபின் மாதந்தோறும் சில நிமிடக் கணக்கே. அண்மையிலுள்ள மாதங்களுக்கு அதிக நிறையும், தூரத்து மாதங்களுக்குக் குறைந்த நிறையும் கிடைக்கின்றன. ஆட்தொகையும் திடீரென ஏறி இறங்காது. இது 1960 இல் நூலாக வெளிவந்தது. ஒருவனை வேலையால் நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டென்று கணக்கில் எழுதியதையே நாம் இதிற் பெரிதாக மதிக்கிறோம். அந்த விலை கம்பனிக்கு வரும் செலவு மட்டுமே என்பதும் மெய். நிறுத்தப்பட்டவன் வீட்டில் விழும் செலவு அச்சமன்பாட்டில் இல்லை. அதை யார் சேர்ப்பது? படிப்பை வகுப்போர் முன்னுள்ள மிகக் கடினமான வினா இதுவென்றே கருதுகிறோம்.

வேடிக்கை ஒன்றும் உண்டு. மனிதன் எல்லாவற்றையும் கணித்து முடிவெடுக்க இயலாதவன் என்பது சைமனின் கொள்கை. அதே குழுவிலிருந்த மூத்தோ, மக்களின் எதிர்பார்ப்புகள் பொருளியற் கொள்கை கணிப்பதோடு ஒத்தே இருக்கும் என 1961 இல் எழுதினார். இப்படி எதிரெதிராகச் சிந்திப்போரை ஒரு கூரையின் கீழ் வைத்திருந்ததே அக்கல்லூரியின் பலம்.

ஏட்டுக் கல்வி மட்டும் போதாதென்பதை அவர்களும் அறிந்திருந்தனர். 1950களின் இறுதியிற் கணினியின் துணையுடன் ஒரு முகாமை விளையாட்டை அமைத்தனர். சவர்க்காரத் தூள் விற்கும் மூன்று கம்பனிகள், ஒவ்வொன்றையும் நடத்த ஒரு மாணவர் குழு. விலை, விளம்பரம், உற்பத்தி, கடன் யாவற்றையும் அவர்களே தீர்மானித்துப் பணிப்பாளர் சபையொன்றின் முன் நின்று விடை சொல்லவேண்டும்.

குறை இல்லையா? உண்டு. தொழில்சார் கல்லூரியில் விஞ்ஞானத்தையும் நடைமுறையையும் சேர்ப்பது எண்ணெயையும் தண்ணீரையும் கலப்பது போன்றது, விட்டுவிட்டாற் பிரிந்துபோகும் என்ற கருத்தைச் சைமனே 1967 இல் வெளியிட்டார். ஆராய்ச்சியிற் புகழ் வர வர, ஆசிரியர் தம் போன்ற ஆசிரியருக்கே எழுதத் தொடங்குவர். தொழிற்சாலை வாசல் தூரமாகிவிடும். 2004 இல் அக்கல்லூரி டெப்பர் வணிகக் கல்லூரி எனப் பெயர் மாறியது. கைத்தொழில் என்ற சொல்லே பெயரிலிருந்து போயிற்று.

இத்தகைய படிப்பை வகுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தால், கணிதத்தைக் குறைக்கமாட்டோம். ஆனால் முதலாண்டு முடிந்ததும் மாணவனை ஆறு மாதம் தொழிற்சாலைக்கு அனுப்புவோம், அதிகாரியாக அன்று, இரவு முறை வேலைக்காரனாக. தொழிலாளர் சட்டத்தையும் சங்கத்தாருடன் பேசும் முறையையும் விருப்பப் பாடமாக வைக்கோம், கட்டாயமாக்குவோம். அந்த விளையாட்டின் பணிப்பாளர் சபையிலோ, பட்டம் எதற்கு என்று கேட்ட பெரியவரையே அமர்த்துவோம். அவர் கேட்கும் முதற் கேள்வி ரொக்கம் எங்கே என்பதாக இருக்கும். அதற்கு மறுமொழி சொல்லத் தெரியாதவன் இரண்டாம் ஆண்டையும் திரும்பப் படிக்கட்டும்.

ஐயங் கேட்க விரும்புவோர் இப்போது கேட்கலாம்.