சிறு சிகிச்சையும் பெருகிய உதிரமும்

நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சபையில் பேசத்தகாதது என்று சிலர் எண்ணக்கூடும். ஸ்திரீகளின் தேக உபாதைகளை அடுக்களைக்குள்ளேயே பேசி முடித்துவிடுவது நம்மவரின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தால் நமது குடும்பங்கள் ஒன்றில் ஓர் உயிர் போக இருந்தது. ஆதலாலேயே இதனைச் சபையேற்றத் துணிந்தோம். இவ்வாறு வெளியிடும்படி நம்மைக் கேட்டுக்கொண்டவரும் அவ்வம்மையாரே. பெயர் மாத்திரம் வேண்டாம்.

அவர் நமக்கு நெருங்கிய உறவினர், வயது முப்பத்தெட்டு. கருப்பைக் கழுத்தைப் பரிசோதித்த வைத்தியர், அங்கே பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய மாறுதல் இருப்பதாகக் கண்டு, மின்சாரம் பாய்ந்த மெல்லிய கம்பி வளையத்தால் அப்பாகத்தை மட்டும் அகற்றினார். காலையில் சென்றவர் மாலையில் வீடு திரும்பினார். “சின்ன விஷயந்தான்” என்று எல்லோரும் சொன்னோம், சொல்லியதோடு மறந்தும்போனோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலக் குறிப்புச் சீட்டு, படிப்பாரின்றி அலமாரியில் கிடந்தது.

பத்தாம் நாள் உறவினர் வீட்டு வளைகாப்பில் அவர் அண்டா தூக்கினார். அன்று மாலை உதிரம் கண்டது. மாதவிலக்கு முந்திவிட்டது போலும் என்று அவர் எண்ணினார். “உஷ்ணம்; மோர் குடித்துவிட்டுப் படு” என்றார் மாமியார். கணவர் வெளியூரிலிருந்தார், மைத்துனரிடம் சொல்ல நாணம் தடுத்தது. நள்ளிரவில் எழுந்து நின்றவர் மயங்கி வீழ்ந்தார். அதன் பின்னரே 108 வண்டி அழைக்கப்பட்டது. கசிவிடத்தில் தையலிட்டு, இரண்டு அலகு இரத்தமும் ஏற்றி அவரைப் பிழைக்க வைத்தனர்.

பத்தாம் நாளில் உதிரம் வருவானேன் என்று கேட்பீர்கள். முழங்காலில் பட்ட காயத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் பொருக்குக் கட்டுகிறது. சில நாட்களில் அப்பொருக்கு உதிர்கிறது. கீழே தோல் முற்றாதிருந்தால் மறுபடியும் இரத்தம் கசிகிறது. கருப்பைக் கழுத்திலும் நிகழ்வது இதுவே. பொருக்கு உதிரும் காலம் பெரும்பாலும் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை. இச்சமயத்தில் சிறிது கசிவது இயல்பு, பெருகுவது அபாயம். பளு தூக்கலாகாது, சில வாரம் தாம்பத்திய உறவு கூடாது என்பதன் காரணமும் இதுவே. அலமாரியில் கிடந்த சீட்டிலும் இவ்வளவும் எழுதப்பட்டிருந்தது!

ஆயின் கதை இத்துடன் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வேறு கேள்விகள் கேட்டார். “பல் பிடுங்கியபோது இரத்தம் எளிதில் நின்றதா? மாதவிலக்கு எத்தனை நாள்?” பல் பிடுங்கிய அன்று இரவெல்லாம் கசிந்ததாம். மாதவிலக்கோ சிறு வயது முதல் ஒன்பது நாள். “என் தாயாருக்கும் அப்படியே, எங்கள் வீட்டு வாகு அது” என்றார் நோயாளி. இரத்தத்தைச் சோதித்தபோது, வான் வில்லிபிராண்டு நோய் இருப்பது தெரியவந்தது. வீட்டு வாகு என்று நாம் நினைத்திருந்தது ஒரு நோய்!

இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் குறைவதால் வருவது இந்நோய். பின்லாந்து தேசத்து வைத்தியரான எரிக் வான் வில்லிபிராண்டு 1926ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். ஆலந்துத் தீவுகளிலிருந்து அவரிடம் கொண்டுவரப்பட்ட ஐந்து வயதுச் சிறுமியின் குடும்பத்தை அவர் ஆராய்ந்தார். அச்சிறுமி பின்னாளில் தன் நான்காவது மாதவிலக்கிலேயே உதிரம் நில்லாமல் இறந்தாள். இன்றோ இதற்கு மருந்துகள் உண்டு. முன்கூட்டித் தெரிந்தால் சிகிச்சைக்கு முன்னரே கொடுத்துக் காக்கலாம். இது ஆண் பெண் இருபாலார்க்கும் வரும். பெற்றோரில் ஒருவர் வழியாகவும் வரலாம். இருவர் வழியாகவும் குறை வந்து சேர்ந்தால் மிகக் கடுமையாகும். உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் அவ்விதம் சேர்வதற்கு இடம் அதிகம். நமது சமூகத்தார் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இவ்விடத்தில் நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். அவ்வம்மையாருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளையும் சோதிக்கவேண்டும் என்று டாக்டர் கூறியபோது, “வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையாதே” என்று தடுத்தவர்களுள் நாமும் ஒருவர். “வரன் அமையாவிட்டால் என் மகள் என்னிடம் இருப்பாள், உதிரம் நில்லாவிட்டால் யாரிடம் இருப்பாள்?” என்று கேட்டார் தாயார். நாம் வாயடைத்துப்போனோம். சோதனையில் அவளுக்கும் இலேசாக அந்நோய் இருப்பது தெரிந்தது. சென்ற மாதம் அவளுக்குப் பல் பிடுங்கினார்கள். முன்னதாகவே மருந்து கொடுத்தமையால் சிறிது நேரத்தில் இரத்தம் நின்றது.

சகோதரிகளே! நாம் வேண்டுவன சிலவே. சிகிச்சைக்கு முன், மாதவிலக்கின் அளவையும், பழைய காயம், பல், பிரசவம் ஆகியவற்றில் உதிரம் நின்ற விதத்தையும் கேளாமலே சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை உண்பவராயின் அதனையும் மறையாதீர்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம். குறிப்புச் சீட்டைத் தமிழில் சொல்லும்படி கேட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிவியுங்கள். வீடு திரும்பியபின் மணிக்கொரு நாப்கின் முழுதும் நனைந்து இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலும், பெரிய கட்டிகள் விழுந்தாலும், தலை சுற்றினாலும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ துர்நாற்றமோ கடும் வயிற்றுவலியோ கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

புருஷர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுப் பெண் நள்ளிரவில் உங்களை எழுப்பத் தயங்குவாளாயின், அக்குறை அவளுடையதன்று. தயங்காமல் எழுப்பலாம் என்று இன்றிரவே அவளிடம் சொல்லுங்கள்.